மாம்பூவைக் கருக்கும் தத்துப்பூச்சி

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் 20 வயதான 60 பெங்களூரா மாமரங்கள் வைத்திருக்கிறேன். போன பருவத்தில் பூ நிறைந்திருந்தபோது லாம்ப்டா சைஹலோத்ரின் மூன்று முறை அடித்தேன். ஆனாலும் பூ கருகிக் கொட்டியது, இலையெல்லாம் கறுத்துப் பிசுபிசுக்கிறது. வேறு எந்த மருந்து கேட்கும்?

பதில்: மருந்தை மாற்றுவதைவிட அடிக்கும் நேரத்தை மாற்றுங்கள். இது தத்துப்பூச்சி. காலையில் பூங்கொத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆப்பு வடிவில், கோதுமை மணியைவிடச் சிறிய பூச்சிகள் சடசடவென்று இலையில் தெறிக்கும். இவை சாறு உறிஞ்சியதால்தான் பூ கருகியது. பூ விரிந்த பிறகு அடித்தால் காய் பிடிக்க உதவும் ஈக்களும் தேனீக்களும் சாகும், அதுவும் விளைச்சலில் இழப்புதான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சியும் பழகிவிடும், அதைத் தின்னும் நன்மைப் பூச்சிகளும் அழியும்.

முதல் தெளிப்பு, கொத்து விரல் நீளம் வந்து மொட்டு விரியாமல் இருக்கும்போது. 200 லிட்டர் டிரம்முக்கு இமிடாக்ளோபிரிட் 17.8 எஸ்.எல். 60 மில்லி. சாம்பல் நோய் (பூங்கொத்தில் வெண்பொடி படிவது) தெரிந்தால் நனையும் கந்தகம் 400 கிராம் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். உங்கள் வயது மரத்துக்கு 10 லிட்டராவது செல்ல வேண்டும். கைத்தெளிப்பான் உச்சிக்கு எட்டாது, விசைத்தெளிப்பான் வேண்டும். பலரும் கொத்தை மட்டும் நனைத்துவிட்டு நிறுத்துகிறார்கள். பூச்சி ஒளிந்திருப்பது அடிமரத்துப் பட்டை வெடிப்பில். அங்கும் நனையுங்கள்.

பூ விரிந்திருக்கும் நாட்களில் தெளிக்கவே வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் பார்த்து, தத்துப்பூச்சியின் குஞ்சுகள் இருந்தால் மட்டும் புப்ரோஃபெசின் 25 எஸ்.சி. 300 மில்லி, 200 லிட்டருக்கு. இது குஞ்சைத் தோலுரிக்க விடாமல் கொல்லும். சாக சில நாள் ஆகும். மறுநாளே பலன் தெரியவில்லையென்று திரும்ப அடிக்காதீர்கள். வளர்ந்த பூச்சியை இது கொல்லாது. இமிடாக்ளோபிரிட் அடித்து 45 நாள், புப்ரோஃபெசின் அடித்து 20 நாள் கழித்துத்தான் காய் பறிக்க வேண்டும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தெளிக்க இறங்காதீர்கள், அடியில் மாடும் மேய வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் உள்கிளைகளைக் கழித்து வெயில் விழவிடுங்கள். நிழலடர்ந்த தோப்பில் எந்த மருந்தும் தோற்கும்.

இலைக் கருமை, பூச்சியின் தித்திப்பான கழிவில் வளரும் பூசணம். ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, 20 லிட்டராக்கி வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்த பசை கருமையோடு செதிலாக உரிந்து விழும். மேகமூட்டத்தில் அடித்தால் பசை காயாது.