பால் பைத்தான் (ball python) முட்டை: மண்டபத்து வெயில் காலத்தில் எப்படிக் குஞ்சு பொரிக்க வைப்பது?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் இருக்கிறோம். முறையாகப் பதிவு செய்து வளர்க்கும் எங்கள் பால் பைத்தான் (ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு) நேற்று இரவு ஐந்து முட்டை இட்டிருக்கிறது. வீட்டிலுள்ள கோழி இன்குபேட்டரில் வைக்கலாமா? தினமும் திருப்ப வேண்டுமா? கரண்ட் போனால்?

பதில்: திருப்பவே கூடாது. பாம்பு முட்டையில் கரு சீக்கிரமே மேல்பக்கத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புரட்டினால் செத்துப்போகலாம். மேல்பக்கம் பென்சிலால் குறி போட்டு, அதே வாக்கில் எடுத்து வையுங்கள். ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிரிக்காதீர்கள்.

கோழி இன்குபேட்டர் வேண்டாம். அது 37 டிகிரிக்கு மேல் ஓடும். இதற்கு 31-32 போதும். 35ஐத் தொட்டால் குட்டி ஊனமாகலாம், செத்தும் போகலாம்.

மூடியுள்ள டப்பாவில் வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) போட்டு, எடைக்கு எடை தண்ணீர் கலந்து, முட்டைகளைப் பாதி புதைத்து வையுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு முட்டையின் ஈரத்தை இழுத்துவிடும். கிணறு உவர் என்றால் கேன் தண்ணீரே ஊற்றுங்கள்.

அந்த டப்பாவை மீன் அனுப்பும் பெரிய தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். உங்கள் ஊரில் இது சுலபமாகக் கிடைக்கும். கூடவே தண்ணீர் பாட்டில்கள், ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு), தெர்மோஸ்டாட். சென்சார் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தும், குளிர வைக்காது. அதனால் நம் பக்கம் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, கத்திரி வெயிலுக்கு. ஷீட் கூரைக்குக் கீழே வைக்காமல் உள்ளறைத் தரையில் வையுங்கள். சூடு 33ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் பாட்டில்களை எடுத்துவிட்டு, மண்பானைத் தண்ணீர் நிரப்பியவற்றை வையுங்கள். ஐஸ் வேண்டாம். கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் விட்டாலே போதும். சில மணி நேரம் இரண்டு மூன்று டிகிரி இறங்குவதைக் கரு தாங்கும்.

ஆரம்ப வாரங்களில் முட்டை குழி விழுந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். கடைசி இரண்டு வாரத்தில் விழுந்தால் அது இயல்பு. 55 முதல் 60 நாளில் குட்டி தோலைக் கீறி மூக்கை நீட்டும். நீட்டியபடியே ஒரு நாள், இரண்டு நாள்கூடக் கிடக்கும். அப்போது இழுத்து வெளியே எடுக்காதீர்கள், ப்ளீஸ். மிச்ச மஞ்சள் கருவை உள்ளிழுக்கும் நேரம் அது. முதல் சட்டை உரித்த பிறகே இரை.

பிறந்த குட்டிகளையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். தோட்டத்தில் சாரைப் பாம்பு முட்டை கிடைத்தால் இதே டப்பாவில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.