பழைய பேரிங்கைத் தூக்கி எறிவதற்கு முன்

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணாச்சி, மூன்று சிலிண்டர் டிராக்டர். சூடானதும் ஐடிலில் ஆயில் லைட் மினுங்கியது, அடியில் டொக் டொக்கென்று சத்தம். இன்ஜினைப் பிரித்துவிட்டோம். பிசான நெல் நடவுக்குத் தொழி அடிக்க வேண்டும். புது பேரிங் மட்டும் போட்டு ஏற்றிவிடலாமா?"

கிராங்கை (பிஸ்டனின் அடியைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) அளக்காமல் ஏற்றாதீர்கள். அவசரம் புரிகிறது, ஆனால் நடவு நடுவில் வண்டி படுத்தால் இன்னும் கஷ்டம்.

கழற்றிய ஷெல்களை (பேரிங்கின் அரைவட்டத் துண்டுகள்) ஒரே டப்பாவில் கொட்டியிருந்தால் பாதி ஜாதகம் போச்சு. இல்லையென்றால் எந்த சிலிண்டர், மேலா கீழா என்று முதுகில் எழுதி வரிசையாக அடுக்குங்கள். பிக் எண்டில் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்) மேல் ஷெல்லும், மெயினில் (கிராங்க் இன்ஜின் பிளாக்கில் உட்காரும் இடம்) கீழ் ஷெல்லும்தான் அதிகம் தேயும். பிஸ்டனின் அடி அங்கேதான் விழுகிறது. சாம்பல் நிறத்தில் சீராகத் தேய்ந்திருந்தால் அது வயசு. செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சே போய்விட்டது. சுற்றுவாக்கில் கோடுகளும் பதிந்த மணலும் இருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் ஓடும் வண்டிகளில் இது சகஜம். ஒரு ராடின் ஷெல் மட்டும் ஓரமாகத் தேய்ந்திருக்கிறதா? ராடு வளைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் அதே ஓரத்தில் தேயும்.

அப்புறம் கிராங்க். ஜர்னலில், அதாவது பேரிங்குக்குள் சுழலும் வழுவழுப்பான பகுதியில், நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள், தடுக்கினால் கிரைண்டிங்தான். தடுக்காவிட்டாலும் மைக்ரோமீட்டர் வைத்து ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு எடுங்கள். வித்தியாசம் வந்தால் ஜர்னல் முட்டையாகியிருக்கிறது. வெர்னியர் இதற்கு ஆகாது: அது காட்டும் மிகச் சின்ன அளவே 0.02 மி.மீ., நாம் தேடுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிரைண்டிங் என்றால் ஜர்னலின் விட்டம் 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று படிப்படியாகக் குறையும். பட்டறையில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பத்து, இருபது, முப்பது என்பார்கள். பேரிங் வாங்கும்போது டப்பாவை நம்பாமல் ஷெல்லின் முதுகில் அடித்த எண்ணைப் பாருங்கள்.

கிரைண்டிங்கிலிருந்து வந்த கிராங்கின் ஆயில் துளைகளை நீங்களே பிரஷ் விட்டு டீசலில் கழுவி, காற்றடியுங்கள். 'கழுவித்தான் அனுப்பினோம்' என்ற பேச்சை நம்பி ஒருமுறை நான் பூட்டினேன். மூன்றாம் நாள் இன்ஜின் ஜாம்.

பூட்டும்போது ஷெல்லின் முதுகு காய்ந்து சுத்தமாக இருக்கட்டும், ஆயில் முகத்துக்கு மட்டும். ஷெல்லை இறுக்கிப் பிடிக்கும் கேப்புகளை இடம் மாற்றாதீர்கள், அரத்தால் ராவாதீர்கள். சிகரெட் தாளை அடியில் மடித்து வைக்கும் வித்தையும் வேண்டாம். ஷெல் சூட்டைக் கடத்தாமல் வெந்துவிடும். ஷெல்லுக்கும் ஜர்னலுக்கும் நடுவே இடைவெளி, தோராயமாக 60 மி.மீ. ஜர்னலுக்கு 0.06 மி.மீ.; உங்கள் மாடலுக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு.

சரி, லைட் மினுங்கியதற்கு ஆயில் பம்பும் காரணமாக இருக்கலாம். கையோடு அதையும் பிரித்துப் பாருங்கள். ஏற்றியதும் டீசலை நிறுத்திவைத்து, ஆயில் லைட் அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.