காய்க்காத பனையைச் சூளைக்கு விற்காதீர்கள்

வரப்பில் நிற்கும் பனைகளில் பாதி காய்ப்பதே இல்லை, செங்கல் சூளைக்கு விலை கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள் அண்ணா. காய்க்காதது ஆண்பனை, வீண்மரம் இல்லை. விரல் விரலாக நீண்ட பாளை தள்ளும் பாருங்கள், அதை இடுக்கி, நுனியைத் தினமும் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் அதிலும் பதநீர் இறங்கும், காய்ச்சினால் கருப்பட்டி. ஏற ஆள் இல்லையென்றால் பனையேறிகளுக்குக் குத்தகைக்கு விடுங்கள். அதுவும் அமையவில்லையா, ஓலையையும் மட்டை நாரையும் விற்கலாம், பெட்டி முடைகிறவர்களுக்குக் குருத்தோலைதான் வேண்டும், ஆனால் அளவோடு வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரம் இளைத்துவிடும். அப்புறம், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே தமிழக அரசு அறிவித்துவிட்டது, அதைச் சூளைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.