மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஏன் ஆப்பிரிக்காவின் வறண்ட நாடுகளையே திரும்பத் திரும்பத் தாக்குகிறது?

மூளையையும் தண்டுவடத்தையும் மெல்லிய சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டி வருமே, அதுபோல. பாக்டீரியா அங்கே புகுந்து வீக்கம் உண்டாக்குவதுதான் இந்த நோய். கழுத்து விறைக்கும், வெளிச்சம் கண்ணைக் கூசும். சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைக்கும் குழந்தைகள் சிலருக்குக் காது கேட்காமலே போய்விடுகிறது. என்னை மிகவும் உலுக்குவது அதுதான்.

செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் அந்தப் பகுதியில் டிசம்பர் தொடங்கிப் பல மாதங்கள் வறட்சி. பனிக்காலத்தில் நம் உதடு வெடிப்பதுபோல, தூசிக்காற்று தொண்டையின் உட்தோலைப் புண்ணாக்குகிறது. அதுவரை தொண்டையில் சும்மா கிடந்த கிருமி அந்த வழியாக இரத்தத்தில் இறங்குகிறது. இரவுக் குளிருக்கு ஒரே அறையில் நெருங்கிப் படுப்பதும் பரவலுக்குத் துணைபோகிறது. 1996-97இல் மட்டும் சுமார் 25,000 பேர் இறந்தார்கள்.

2010இல் புர்கினா ஃபாசோவில் தொடங்கிய மென்ஆஃப்ரிவாக் தடுப்பூசி இந்தக் கிருமியின் ‘ஏ’ வகையை ஏறத்தாழ ஒழித்தது. புனேயில் தயாரான அது, ஏழை நாடுகளால் வாங்க முடிகிற விலையை முதலில் முடிவுசெய்துவிட்டு உருவாக்கப்பட்டது: அரை டாலருக்கும் குறைவு. ஐந்து வகைகளைத் தடுக்கும் புதிய ஊசியை 2024இல் நைஜீரியா முதலில் போட்டது.

மூளைக்காய்ச்சல் என்றதும் பலர் கொசுவை நினைக்கிறார்கள். கொசு பரப்புவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸை, இதுவோ இருமல், தும்மல், எச்சில் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது.