எந்தச் சபை ஊழியரை நம்பலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாளையங்கோட்டை சகோதரி: ஐயா, ஸ்தோத்திரம். எங்கள் தெருவில் புதிதாக ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டர், என் பெயரையும் வீட்டுக் கஷ்டத்தையும் அப்படியே சொன்னார். நம்பலாமா?

ஸ்தோத்திரம் சகோதரி. அதை வைத்து மட்டும் நம்ப வேண்டாம். சொன்ன அடையாளம் பலித்தாலும், வேறு தேவர்களிடம் இழுப்பவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது உபாகமம் 13. பலிப்பது மட்டும் அத்தாட்சி ஆகாது. உங்களைக் கூட்டிப்போனவர், வாசலில் எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்புச் சீட்டு, முகநூல் என்று அந்த விவரம் போய்ச்சேர வழிகளும் பல.

1 தீமோத்தேயு 3-ஐ எடுத்து வாசியுங்கள். கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவனுக்கு, பவுல் கேட்பது பெரும்பாலும் நடத்தை: பண ஆசை இல்லாதவன், அடிக்கிறவன் அல்ல, சொந்த வீட்டை நன்றாய் நடத்துகிறவன். ஏழாம் வசனம் ‘புறம்பானவர்களால் நற்சாட்சி’ கேட்கிறது. ஆகவே அவருடைய வீட்டுக்காரரிடமும், கடன் கொடுக்கும் மளிகைக்கடைக்காரரிடமும் விசாரியுங்கள். முன்பு ஊழியம் செய்த ஊரில், ஏன் அங்கிருந்து வந்தார் என்று கேளுங்கள்.

கோவை சகோதரர்: தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) பாஸ்டரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கணக்கு கேட்டால் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்கிறார்கள்.

அந்த வசனம் சங்கீதம் 105:15. பரதேசிகளாய்த் திரிந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களைக் கடிந்துகொண்ட வார்த்தை அது. காணிக்கைக் கணக்கு கேட்கிற விசுவாசியின் வாயை அடைக்க அதை எடுப்பது வேதத்தைப் புரட்டுவது. பவுலே எருசலேமுக்கான தர்மப்பணத்தைத் தனியாகச் சுமக்கவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் தன் உடன் ஊழியன் தீத்துவோடு சேர்த்து அனுப்பினார். ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:18-21).

நல்ல சபையில் நடைமுறை இப்படி இருக்கும்: வங்கிக் கணக்கு சபையின் அல்லது டிரஸ்டின் பெயரில். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. ஆராதனை முடிந்த கையோடு, ஒரே குடும்பத்தைச் சேராத இருவராவது காணிக்கையை எண்ணி நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். ரசீதுக்கு வரிசை எண் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட் செய்த கணக்கு சபைக்கு முன் வாசிக்கப்படும். டிரஸ்டிகள் பாஸ்டர், அவர் மனைவி, மகன், மருமகன் என்றால் அவரைக் கேள்வி கேட்க அங்கே ஆளே இல்லை.

ஒன்று மட்டும்: நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜி வரிச்சலுகை இல்லை என்பதற்காகவே மோசடி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே மதத்தினரின் ஆராதனைக்கு நடக்கும் டிரஸ்டுகளுக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை.

மதுரை வாசகர்: உலகமே மதிக்கிற பெரிய ஊழியர் என்றால் பயமில்லைதானே?

ரவி சகரியாஸ் 1946-இல் சென்னையில் பிறந்தவர். உலகம் முழுவதும் மதிக்கப்பட்ட கிறிஸ்தவப் பேச்சாளர். 2017-இல் புகார் வெளியானபோது அவர் மறுத்தார், அவருடைய அமைப்பும் அவர் பக்கமே நின்றது. 2020 மே மாதம் இறந்தார். அந்த அமைப்பே அமர்த்திய சட்ட நிறுவனம் 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, மசாஜ் வேலை செய்த பெண்களிடம் அவர் பாலியல் அத்துமீறல் செய்ததை உறுதிப்படுத்தியது. நிர்வாகக் குழுவில் யார் யார் என்பதையே அந்த அமைப்பு வெளியே சொல்லவில்லை. ஊழியர் எவ்வளவு பெரியவரானாலும் கேளுங்கள்: இவரைப் பதவியிலிருந்து இறக்க யாருக்கு அதிகாரம்? அவர்கள் பெயர் என்ன? இவரிடம் சம்பளம் வாங்குகிறவர்களா?

சென்னை சகோதரி: விசுவாசம் இருந்தால் மாத்திரை வேண்டாம் என்கிறார் எங்கள் பாஸ்டர்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள், அந்தக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துங்கள். இன்சுலினையும் வலிப்பு மாத்திரையையும் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். பவுலோடு இருந்த லூக்கா ‘பிரியமான வைத்தியன்’ (கொலோசெயர் 4:14).

தூத்துக்குடி சகோதரர்: சண்டே ஸ்கூல் பிள்ளை ஒன்று ஊழியர்மேல் புகார் சொல்கிறது. இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்கக்கூடாது என்று மூப்பர்கள் சொல்கிறார்கள்.

1 தீமோத்தேயு 5:19 சபை விசாரணைக்கானது. குழந்தைமேல் பாலியல் அத்துமீறல் என்றால், குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் மறைப்பதே குற்றம். இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், போலீசிலும் புகார் கொடுங்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். ‘ஜெபித்து சமாதானமாகலாம்’ என்று அந்த ஊழியர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவும் விடாதீர்கள்.