ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடத்தால் ரிலே மேல் பழி போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றுகிற பிக்அப் வைத்திருக்கிறேன். பத்து வருடப் பழைய வண்டி. இடது இண்டிகேட்டர் போட்டால் படபடவென்று வேகமாக அடிக்கிறது, வலது பக்கம் ஒழுங்காக இருக்கிறது. மதியம் வெயில் வந்தால் சில நாள் தானாகச் சரியாகிவிடுகிறது. ரிலே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் ரிலே நன்றாகத்தான் இருக்கிறது. இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கிற சின்னப் பெட்டிதான் ரிலே, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான். அது கெட்டிருந்தால் வலது பக்கமும் சேர்ந்து மக்கர் பண்ணியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடிப்பது, அந்தப் பக்கம் ஒரு பல்ப் எரியவில்லை என்று ரிலே தருகிற எச்சரிக்கை. 21 வாட் பல்ப் ஒன்று ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் எரிந்தால் 3.5. அது பாதியாகக் குறைந்ததும் எலக்ட்ரானிக் ரிலே வேகத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிடும். பழைய வண்டிகளில் தகர டப்பா மாதிரி இருக்கும் இரண்டு பின் (வெளியே நீட்டும் உலோகக் கால்) ரிலே வேறு ரகம். அதற்குள் இருப்பது சூட்டில் வளையும் தகடு. பல்ப் போனால் கரண்ட் குறையும், தகடு போதுமான அளவு சூடாகாது. அதனால் மெதுவாக அடிக்கும், இல்லையென்றால் சிமிட்டாமல் நின்று எரியும்.

முதலில் நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து அடிக்க வைக்கும் ஹசார்டு சுவிட்சைப் போட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்த மூலை எரியவில்லை, எது மங்கல் என்று தெரிந்துவிடும். என் சந்தேகம் இடது பின்பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் நாள் கணக்கில் மழையும் மஞ்சுமாக இருக்கும். பின் விளக்குக்குள் ஈரம் இறங்கி, ஹோல்டரின் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். பல்ப் நல்ல பல்ப்தான். தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருக்கும். வெயிலில் சரியாகிற மர்மம் பெரும்பாலும் இதுதான். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, இண்டிகேட்டர் அடிக்கும்போதே ஹோல்டரின் எர்த்தில் தொடுங்கள். உடனே பிரகாசமாகி வேகமும் சரியானால் கோளாறு எர்த்தில்தான். சேஸிஸில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டினால் போதும். இண்டிகேட்டர் போடும்போது கூடவே பார்க் லைட்டும் மினுமினுத்தால், எர்த் போய்விட்டதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

சரி, கேட்ட ரிலேவுக்கு வருவோம். பலர் மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்துப் பின்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எலக்ட்ரானிக் ரிலேயில் அந்த அளவு எதையும் உறுதிப்படுத்தாது. பல்ப் என்கிற பாரம் இருந்தால்தான் அது வேலை செய்யும், அதனால் பாரம் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

ரிலேவைப் பிடுங்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பின் இருக்கும். பி அல்லது 49 என்றிருப்பது பேட்டரி, எல் அல்லது 49ஏ என்றிருப்பது பல்புக்குப் போவது, இ அல்லது 31 என்றிருப்பது எர்த். பின் இருக்கும் இடத்தை வைத்து ஊகிக்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ் வழியாக பி பின்னுக்கு ஓர் ஒயர். எல் பின்னிலிருந்து 21 வாட் பல்ப் இரண்டுக்கு. பல்புகளின் மறுமுனையும் இ பின்னும் நெகட்டிவுக்கு. நல்ல ரிலே என்றால் உடனே டக் டக் என்று ஆரம்பிக்கும். 15 விநாடிக்கு எண்ணுங்கள்: 15 முதல் 30 வரை இருந்தால் சரி. பிறகு ஒரு பல்பைக் கழற்றுங்கள், படபடக்கும். உங்கள் வண்டியில் நடப்பதும் அதே கதைதான். இரண்டு பல்ப் இருந்தும் அடிக்காமல் நின்றால் தாராளமாக ரிலேவை மாற்றுங்கள்.

ஒயர் பிடிக்கச் சோம்பல் என்றால் இன்னொரு வழி. சாவியைப் போட்டு, ரிலே கழற்றிய சாக்கெட்டில் பி, எல் இரண்டையும் பியூஸ் வைத்த ஒயரால் இணைத்து இண்டிகேட்டர் சுவிட்சைத் தள்ளுங்கள். பல்புகள் சிமிட்டாமல் நின்று எரிந்தால் ஒயரிங் நலம். தவறியும் இ-யோடு பி-யை இணைத்துவிடாதீர்கள், பியூஸ் போகும். பியூஸ் இல்லாவிட்டால் ஒயரே உருகும்.

பல புதிய கார்களில் தனி ரிலேயே இருக்காது, சிமிட்டும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கும், டக் டக் சத்தம்கூட ஸ்பீக்கரிலிருந்துதான். அங்கே இந்தச் சோதனை எதுவும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. இடது பக்கம் மட்டும் யாராவது எல்இடி பல்ப் மாட்டியிருந்தாலும் இதேபோல் படபடக்கும், அது இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. ஹோல்டரைத் திறக்கும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.