விற்கப் போட்ட வீடும் விடாத நோட்டீஸும்

கேள்வி: கலிபோர்னியாவில் எங்கள் வீட்டை விற்கப் போட்டிருக்கிறோம். கொல்லைப்பக்கம் மரத்தில் ஒரு பேட்டியோ (வெளி முற்றம்) கூரை போட்டிருந்தோம், எச்ஓஏவிடம் (வீட்டு உரிமையாளர் சங்கம்) எழுதிக் கேட்காமலே. யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். இப்போது 900 டாலர் அபராதம், கூரையைப் பிரிக்கச் சொல்லி நோட்டீஸ் வேறு. அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே மாதிரி கூரை இருக்கிறது, அவர்களை யாரும் கேட்கவில்லை. வாங்குகிறவர் விலை பேசி முடித்துவிட்டார். "கை மாறிவிட்டால் அது அவர் பாடு, நீ வாயைத் திறக்காதே" என்கிறார் என் கணவர். அப்படி விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. வாங்குகிறவரை நீங்கள் ஏமாற்றக் கூடாது என்பது ஒரு பக்கம். அதைவிட, மறைக்க வழியே கிடையாது. இப்படிப்பட்ட சங்கங்களுக்கான கலிபோர்னியாவின் டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டப்படி, விற்கிறவர் சங்கத்தின் விதிமுறைகள், பட்ஜெட், நிலுவைக் கணக்கு எல்லாவற்றோடும், இன்னும் தீராத விதிமீறல் நோட்டீஸின் நகலையும் வாங்குகிறவர் கையில் கொடுத்தாக வேண்டும். நீங்கள் எழுதிக் கேட்டால் 10 நாளைக்குள் இந்தக் காகிதங்களைச் சங்கம் தர வேண்டும். ஆகவே அவருக்குத் தெரியத்தான் போகிறது, உங்கள் வாயால் முன்னாடியே தெரிகிறதா அல்லது எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தையும் காகிதங்களையும் மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் ஏற்பாடு) நடுவில் ஒரு கட்டுக் காகிதத்திலிருந்து தெரிகிறதா என்பதுதான் வித்தியாசம். இரண்டாவது மாதிரி தெரிந்தால் "இன்னும் என்னென்ன மறைத்தார்கள்" என்று வீட்டையே சந்தேகப்படுவார், அதில் தப்பும் இல்லை.

அடுத்தது அபராதம். அதைப் போடும் முன் குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு கொடுத்து உங்களை போர்டு (சங்கத்தின் நிர்வாகக் குழு) கூட்டத்துக்குக் கூப்பிட்டார்களா? கூப்பிடாமல் போட்ட அபராதம் செல்லாது. நோட்டீஸில் இருக்கும் தேதியையும் பாருங்கள், 2025-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் போட முடியாது, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்றால் மட்டும்தான் விலக்கு. கொடுத்துத்தான் தீர வேண்டும் என்ற நிலை வந்தால் "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டு, பிறகு சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் திருப்பிக் கேட்கலாம். தனிநபருக்கு அங்கே வரம்பு 12,500 டாலர், உங்கள் தொகை அதில் அடங்கிவிடும். பணத்தகராறு விற்பனையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்காமல் இருக்க இது நல்ல வழி.

கூரைதான் பெரிய விஷயம். அந்த இரண்டு வீட்டுக் கூரைகளையும் தெருவில் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். விதியை ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி பயன்படுத்துவதைக் கோர்ட் ஏற்காது. ஆனால் அவர்கள் அனுமதி வாங்கிப் போட்டிருந்தால் உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிடும், அதனால் முதலில் அதை விசாரியுங்கள். நகராட்சி பெர்மிட் தேவைப்படும் அளவுக் கூரையா என்றும் பார்த்துவிடுங்கள், அது சங்கத்தின் அனுமதியோடு சேர்ந்ததில்லை, தனி.

பிறகு சங்கத்துக்கு எழுத்தில் இரண்டு விண்ணப்பம் போடுங்கள். ஒன்று, இந்தக் கூரைக்கு இப்போதாவது அனுமதி கேட்டு, வரைபடத்தோடு. மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், மறுபரிசீலனைக்கும் நீங்கள் கேட்கலாம். இன்னொன்று, உட்கார்ந்து பேசித் தீர்க்கும் சந்திப்புக்கு. உறுப்பினர் எழுதிக் கேட்டால் சங்கம் மறுக்கக் கூடாது, அதற்குக் கட்டணமும் கேட்கக் கூடாது. அங்கே ஒத்துக்கொண்டதை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் அது கட்டுப்படுத்தும். அந்தக் காகிதம்தான் வாங்குகிறவரிடம் காட்ட வேண்டியது. போர்டில் இருப்பவர்களிடம் கோபத்தைக் காட்டத் தோன்றும், புரிகிறது, ஆனால் கையெழுத்து அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

எதுவும் குறித்த நாளுக்குள் முடியவில்லை என்றால், கூரையைப் பிரிக்க ஆகும் செலவுக்கு ஒரு காண்ட்ராக்டரிடம் விலை வாங்கி, அந்தத் தொகையை எஸ்க்ரோவில் நிறுத்திவைத்து விற்பனையை முடிக்கலாமா என்று வாங்குகிறவரிடம் கேளுங்கள், அவருடைய பேங்கும் இதற்குச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தால் ஒரு வக்கீலை வைத்து அதை எழுதிக்கொள்ளுங்கள், இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) சங்கம், கட்டுமானக் குறைக்காக பில்டர் மேல் வழக்குப் போட்டிருக்கிறது. வாங்க வந்த இருவருக்கும் பேங்க் லோன் கிடைக்கவில்லை. என் வீட்டில் ஒரு குறையும் இல்லையே!

பதில்: உங்கள் வீட்டை மட்டும் பார்த்து பேங்க் முடிவெடுப்பதில்லை, மொத்தக் கட்டடத்தையும் பார்க்கிறது. பல பேங்குகள் கொடுக்கும் லோனை ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற, வீட்டு லோன்களை வாங்கும் நிறுவனங்களுக்கு விற்றுவிடும். வழக்கு கட்டடத்தின் உறுதி, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் அவை வாங்குவதில்லை. 15 சதவீதத்துக்கு மேல் வீடுகள் 60 நாளைத் தாண்டி மாதக் கட்டணம் பாக்கி வைத்திருந்தாலும் இதே கதைதான். சின்ன விஷயத்துக்கான வழக்கென்றால் விலக்கு உண்டு, ஆகவே வழக்கு எதைப் பற்றியது, எந்தப் பகுதி, பழுது பார்த்தாகிவிட்டதா என்று சங்கத்தின் வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தரச் சொல்லி போர்டிடம் கேளுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், லோனை விற்காமல் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் சின்ன பேங்க் அல்லது கிரெடிட் யூனியனை (கூட்டுறவு வங்கி மாதிரி) உங்கள் ஏஜென்ட் தேடட்டும். அடுத்த ஆள் வரும் முன் அந்தக் கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும்.